‘புட் இன்ஜெக்‌ஷன்’ எங்கே தவறுகிறது? நர்சிங் ஆங்கிலச் சொற்களைக் கார்ப்பஸ் வழியாகக் கற்பிக்க முழுமையான வழிகாட்டி

துணியைத் துவைக்கிறோம், பல்லைத் துலக்குகிறோம், கையைக் கழுவுகிறோம், அரிசியைக் களைகிறோம். ‘அரிசியைத் துவைத்தேன்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. அதற்கு இலக்கண விதி எதையும் காட்ட முடியாது. எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதை வீட்டில் ஆயிரம் தடவை கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்துவிட்டுச் சென்னையில் நர்சிங் சேரும் மாணவிக்கு ஆங்கிலத்தில் அந்த ஆயிரம் தடவை கிடைத்ததில்லை. ‘இன்ஜெக்‌ஷன்’, ‘டெம்பரேச்சர்’, ‘மெடிசின்’ எல்லாம் அவருக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் ஊசி ‘போட்டது’ கேஸ் ஷீட்டில் ‘புட் இன்ஜெக்‌ஷன்’ ஆகிறது. காய்ச்சல் ‘பார்த்தது’ ‘சா டெம்பரேச்சர்’ ஆகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருள் எழுதிய பட்டியலை எத்தனை முறை ஒப்பித்தாலும் இது சரியாகாது. பட்டியலில் சொல் தனியாக நிற்கிறது, கேஸ் ஷீட்டிலோ அது எப்போதும் துணையோடு வருகிறது. அந்தத் துணையைக் கண்ணுக்கு முன் கொண்டுவந்து காட்டும் வழிதான் கார்ப்பஸ்.

நர்சிங் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஐடிஐ, பாலிடெக்னிக், கேட்டரிங், துறைமுகப் பணி எதற்கும் இதே படிகள் பொருந்தும். சேர்க்கும் உரைகள்தான் மாறும். தேவை ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், இணைய வசதி. வகுப்பில் மாணவர்களுக்குக் கணினி வேண்டியதில்லை.

கார்ப்பஸ் என்பது என்ன

ஒரு நோக்கத்தோடு தேர்ந்தெடுத்து, கணினியில் தேடும்படி சேர்த்துவைத்த உண்மையான உரைகளின் தொகுப்பு அது. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குத் தொடரடைவு பழக்கமானது: சங்கப் பாடல்களில் ‘நெஞ்சு’ வரும் அடிகளையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கித் தரும் நூல். கார்ப்பஸ் மென்பொருள் அதே வேலையை ஒரு நொடியில் செய்கிறது. தேடிய சொல்லை நடுவில் நிறுத்தி, இடமும் வலமும் சில சொற்களோடு, வரி வரியாகக் கீழே அடுக்குகிறது.

கணினிக் கார்ப்பஸ்களுக்கு முன்னோடி பிரவுன் கார்ப்பஸ். 1961-ல் அமெரிக்காவில் அச்சான உரைகளிலிருந்து தலா சுமார் 2,000 சொற்கள் கொண்ட 500 துண்டுகள், மொத்தம் பத்து லட்சம் சொற்கள். அதே அச்சில் 1978-ன் இந்திய ஆங்கிலத்தைத் தொகுத்தது கோலாப்பூர் கார்ப்பஸ். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் பத்து கோடிச் சொற்கள் கொண்டது. தொடரடைவு வரிகளை நேராக மாணவர் கையில் கொடுத்து, விதியை அவரையே கண்டுபிடிக்கச் சொல்லும் முறையைப் பரப்பியவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டிம் ஜான்ஸ்.

உங்களுக்கு கோடிகள் தேவையில்லை. பொதுக் கார்ப்பஸில் ‘டிஸ்சார்ஜ்’ என்று தேடினால் மின்சாரம், ராணுவம், ஆலைக் கழிவு எல்லாம் கலந்து வந்து விழும். ஒரே துறையில் எடுத்த இரண்டரை லட்சம் சொற்கள் இந்த வேலைக்குத் தாராளம், ஏனெனில் குறுகிய துறையில் சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: மாணவர் எதை எழுதப் போகிறார்?

உரை தேடுவதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள். நர்ஸஸ் நோட்ஸ், கேர் பிளான், ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்டோவர், நோயாளிக்கு வீட்டில் பின்பற்றச் சொல்லும் அறிவுரை, பிறகு தேர்வு விடை. இந்தப் பட்டியலில் இல்லாத எழுத்து வகையை கார்ப்பஸில் சேர்க்காதீர்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகள் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றையே குவித்தால், ‘சிக்னிஃபிகன்ட்’, ‘ரேண்டமைஸ்டு’, ‘ஹைப்பாதசிஸ்’ என்று ஆராய்ச்சியாளர் மொழி பட்டியலின் தலையில் வந்து உட்காரும். வார்டில் நிற்கும் மாணவிக்கு அவற்றால் பயனில்லை. இந்த முறையில் சறுக்குபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தேர்வுக்கு உதவத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்களைத் தனி உறையில் சேருங்கள். அளவில் சிறியதுதான், ஆனால் ‘என்யூமரேட்’, ‘டிஃபைன்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’ போன்ற ஏவல் வினைகள் என்ன கேட்கின்றன என்பதைக் கற்பிக்க அதைவிட நல்ல மூலம் கிடையாது.

இரண்டாம் படி: உரை சேர்த்தல்

இரண்டரை லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம்:

நர்சிங் பாடநூல் அத்தியாயங்கள் 20, தலா 5,000 சொற்கள்: ஒரு லட்சம். ஓப்பன் ஆர்என், ஓப்பன்ஸ்டாக்ஸ் ஆகியவற்றின் நர்சிங் நூல்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கேஸ் ரிப்போர்ட்டுகள் (ஒரு நோயாளியின் நோயை விவரித்து இதழில் வெளியாகும் கட்டுரைகள்) 50, தலா 1,500 சொற்கள்: 75,000. மருத்துவக் கட்டுரைகளின் இணையக் காப்பகமான பப்மெட் சென்ட்ரலின் திறந்த அணுக்கத் தொகுப்பில் தேடுங்கள். நோயாளியின் நிலையை விவரிக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் போதும். விவாதப் பகுதியை விட்டுவிடுங்கள்.

வழிகாட்டு நெறிமுறைகள் 10, தலா 5,000 சொற்கள்: 50,000. உலக சுகாதார நிறுவனமும் மத்திய சுகாதார அமைச்சகமும் வெளியிட்டவை. நம் ஊர் வழக்கு வருவது அமைச்சக ஆவணங்களில்தான், அதனால் பாதிக்குக் குறையாமல் அவையாக இருக்கட்டும்.

நோயாளிகளுக்கான எளிய குறிப்புகள் 50, தலா 500 சொற்கள்: 25,000. அமெரிக்க அரசின் மெட்லைன்பிளஸ் தளத்தில் உள்ள உடல்நலத் தலைப்புச் சுருக்கங்களைப் பயன்படுத்தலாம். அதே தளத்தில் உள்ள மருத்துவக் கலைக்களஞ்சியம் வேறொரு நிறுவனத்தின் காப்புரிமைக்கு உட்பட்டது, அதைத் தொடாதீர்கள்.

ஒரு மூலத்துக்கு உச்சவரம்பு வைப்பதில் கறாராக இருங்கள். ஒரு முழுப் பாடநூலை அப்படியே போட்டால் அந்த ஆசிரியரின் பழக்கச் சொற்கள் துறையின் சொற்கள் போலத் தோற்றமளிக்கும்.

மருத்துவமனையின் உண்மையான கேஸ் ஷீட்டுகளைப் படமெடுத்துச் சேர்க்கவே கூடாது. பெயரை அடித்துவிட்டால் போதும் என்று நினைக்கலாம். வயது, ஊர், சேர்ந்த தேதி, அபூர்வ நோய் நான்கும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். நோயாளி தன் உடலைப் பற்றிச் சொன்னது நம் பாடத்துக்காகச் சொன்னதல்ல. வெளியான கேஸ் ரிப்போர்ட்டுகளில் நோயாளியின் ஒப்புதல் பெற்றிருப்பார்கள், அவை போதும்.

மூன்றாம் படி: சுத்தம் செய்தல்

மொத்த உழைப்பில் பாதி இங்கே போகும். பிடிஎஃப் கோப்புகளை வெற்று உரைக் கோப்புகளாக மாற்ற ஆன்ட்ஃபைல்கன்வெர்ட்டர் என்ற இலவசக் கருவி உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு கோப்பையும் நோட்பேடில் திறந்து ஒரு நிமிடமாவது பாருங்கள்.

வழக்கமாகக் கெடுவது இவை. பக்கத் தலைப்பும் நூற்பெயரும் பக்கத்துக்குப் பக்கம் வந்து சொல் எண்ணிக்கையை வீங்கவைக்கும். கட்டுரைக் கடைசியில் உள்ள நூற்பட்டியல் ‘ஜர்னல்’ என்ற சொல்லை முதல் பத்துக்குள் தள்ளிவிடும். வரி முனையில் ஒட்டுக்கோட்டால் உடைந்த சொல் இரண்டு துண்டாக எண்ணப்படும். இரண்டு பத்தி அமைப்பில் உள்ள பிடிஎஃப்பில் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் பின்னிக்கொண்டு, பொருளில்லாத தொடர்கள் உருவாகும். ஸ்கேன் செய்த பழைய ஆவணத்தில் எழுத்தே இருக்காது, படம்தான் இருக்கும். கருவி காலிக் கோப்பைத் தரும்.

இவற்றைவிட நுட்பமான ஒன்று: அழகாக அச்சிட்ட பிடிஎஃப்களில் எஃப் எழுத்தும் அடுத்து வரும் ஐ அல்லது எல் எழுத்தும் ஒட்டி ஒரே குறியாக இருக்கும். மாற்றும்போது அது தனிக்குறியாகவே வந்துவிடும், அல்லது மறைந்தே போகும். அப்போது ‘ஃப்ளூயிட்’ என்று நீங்கள் தேடினால், ஒட்டெழுத்தில் உள்ள ‘ஃப்ளூயிட்’ அகப்படாது. நர்சிங்கில் ஃப்ளூயிட் எவ்வளவு முக்கியமான சொல் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கோப்புகளிலும் அந்த ஒட்டெழுத்தைத் தேடி இரண்டு எழுத்தாக மாற்றிவிடுங்கள்.

கோப்புப் பெயரில் வகை, எண், ஆண்டு மூன்றும் இருக்கட்டும்: ‘பாடநூல்-07-2023’ என்பதுபோல. ஆறு மாதம் கழித்து ஒரு வரியைப் பார்த்து ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்கும்போது அருமை தெரியும்.

நான்காம் படி: துறைச் சொற்களைப் பிரித்தெடுத்தல்

ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கிய ஆன்ட்கான்க் மென்பொருள் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கார்ப்பஸ் மேனேஜரில் உங்கள் கோப்புகளைச் சேர்த்து, பெயரிட்டு, ‘கிரியேட்’ கொடுங்கள்.

‘வேர்ட்’ பகுதியைத் திறந்தால் ‘த’, ‘ஆஃப்’, ‘அண்ட்’ என்று எந்த ஆங்கில உரையிலும் வருபவைதான் உச்சியில் நிற்கும். கீழே போனால், பட்டியலில் ஏறக்குறைய பாதிச் சொற்கள் ஒரே ஒரு தடவை வந்திருக்கும். இது உங்கள் பிழையன்று. எந்த மொழியின் எந்தத் தொகுப்பிலும் இப்படித்தான்.

துறையின் அடையாளம் தெரிய ‘கீவேர்ட்’ பகுதி வேண்டும். அது உங்கள் தொகுப்பைப் பொது ஆங்கிலத் தொகுப்பு ஒன்றோடு ஒப்பிட்டு, இங்கே வழக்கத்துக்கு மாறாக மிகுந்து வரும் சொற்களைத் தருகிறது. ஒப்பீட்டுக்குச் சுமார் பத்து லட்சம் சொற்கள் கொண்ட பிஇ06 என்ற பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பின் சொற்பட்டியலை கார்ப்பஸ் மேனேஜரிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அளவுகோல் லாக்-லைக்லிஹுட் என்ற புள்ளியியல் மதிப்பு, எல்லை 15.13. அதாவது தற்செயலாக இந்த வேறுபாடு வந்திருக்கப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. இதோடு இரண்டு நிபந்தனைகளை நீங்களே சேருங்கள்: குறைந்தது 10 தடவை வந்திருக்க வேண்டும், குறைந்தது 8 கோப்புகளில் வந்திருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், தொழுநோய் பற்றிய ஒரே ஒரு கேஸ் ரிப்போர்ட்டில் நாற்பது தடவை வந்த சொல் முதல் நூறுக்குள் நுழைந்துவிடும்.

மூன்று பொறிகளைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, ஆன்ட்கான்க் இயல்பாக எழுத்துகளை மட்டுமே சொல்லாக எடுக்கும். ஒட்டுக்கோடு போட்ட ‘போஸ்ட்-ஆபரேட்டிவ்’ இரண்டாகப் பிளந்து ‘போஸ்ட்’ தனிக் கீவேர்டாக வரும்; ‘எஸ்பிஓ2’-வில் 2 காணாமல் போகும். இரண்டு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. எய்ட்ஸ் நோயும் ‘ஹியரிங் எய்ட்ஸ்’ கருவியும் ஒரே சொல்லாக எண்ணப்படும். மூன்று, ‘அட்மினிஸ்டர்’, ‘அட்மினிஸ்டர்டு’, ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ தனித்தனியாக எண்ணப்படும். தனித்தனியாகப் பார்த்தால் சிறிய எண்கள், கூட்டினால் பெரியது. எனவே பட்டியலை விரிதாளில் ஒட்டி, ஒரே வேரின் வடிவங்களைக் கையால் சேருங்கள்.

எண்ணிக்கையை ஒப்பிடும்போது தொகுப்பின் அளவால் வகுக்க மறக்காதீர்கள். இரண்டரை லட்சத்தில் 84 தடவை வந்தால் பத்து லட்சத்துக்கு 336. பத்து லட்சத் தொகுப்பில் அதே சொல் 100 தடவை வந்திருந்தாலும், உங்கள் தொகுப்பில்தான் அது மூன்று மடங்குக்கும் மேல் அடர்த்தி.

ஐந்தாம் படி: எந்தச் சொல்லைக் கற்பிப்பது

வடிகட்டிய பிறகும் சில நூறு சொற்கள் கையில் நிற்கும். மூன்று கூடையாகப் பிரியுங்கள்.

‘டிஸ்ப்னியா’, ‘ஹீமோகுளோபின்’, ‘கேனுலா’ போன்ற தூய துறைச்சொற்கள் ஒரு கூடை. இவற்றை நர்சிங் டியூட்டர்கள் பாடத்தோடு பாடமாகக் கற்பித்துவிடுகிறார்கள். உச்சரிப்பும் எழுத்துக்கூட்டும் தவிர ஆங்கில ஆசிரியருக்கு இங்கே அதிக வேலையில்லை.

‘அசெஸ்’, ‘ரிக்வயர்’, ‘இண்டிகேட்’ போன்ற பொதுவான கல்விச் சொற்கள் இன்னொரு கூடை. இதற்கு நியூசிலாந்தின் அவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் கல்விச் சொற்பட்டியல் இருக்கிறது. உங்கள் பட்டியலில் எவை அதிலும் உள்ளன என்று குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது கூடையில்தான் உங்கள் நேரம் முழுவதும் செல்ல வேண்டும். ஸ்டூல், லேபர், டெலிவரி, டிரெஸ்ஸிங், கல்ச்சர், தியேட்டர், ஷாக், டென்டர், டாலரேட், கம்ப்ளெய்ன், டினை, நெகட்டிவ், டிஸ்சார்ஜ். மாணவருக்கு இவை ‘தெரிந்த’ சொற்கள். ஸ்டூல் முக்காலி, லேபர் கூலியாள், கல்ச்சர் பண்பாடு, தியேட்டர் சினிமாக் கொட்டகை. மருத்துவமனையிலோ ஸ்டூல் மலம், லேபர் பிரசவ வலி, கல்ச்சர் கிருமி வளர்ப்புச் சோதனை, தியேட்டர் அறுவை அரங்கு. தெரிந்த சொல் என்பதால் அகராதியைத் திறக்க மாட்டார். டியூட்டரும் எளிய சொல்தானே என்று விளக்க மாட்டார். இருவருக்கும் நடுவில் இந்தச் சொற்கள் விழுந்துவிடுகின்றன. ‘பேஷண்ட் டினைஸ் செஸ்ட் பெயின்’ என்ற வரியைப் படித்துவிட்டு, நோயாளி எதையோ மறைக்கிறார் என்று ஒரு மாணவர் எடுத்துக்கொண்டால், ஹேண்டோவரில் அது தப்பாகவே போய்ச் சேரும். அந்த வரியின் பொருள், ‘நெஞ்சு வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார்’ என்பது மட்டுமே.

இந்தக் கூடையை இறுதி செய்யும் முன் மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங் எடுக்கும் டியூட்டர் ஒருவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். எண்ணிக்கையில் குறைந்தாலும் விடக்கூடாத சொற்களை அவர் சொல்வார். ‘அனஃபிலாக்ஸிஸ்’ (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) உங்கள் தொகுப்பில் ஆறே தடவை வந்திருக்கலாம். உயிர் போகிற இடத்தில் எண்ணிக்கை பார்க்க முடியாது.

வாரத்துக்கு 8 முதல் 10 சொற்கள், 16 வாரப் பருவத்தில் சுமார் 130 முதல் 160. அதற்கு மேல் ஏற்றினால் மீள்பார்வைக்கு நேரமிருக்காது.

ஆறாம் படி: வரிகளைப் படித்தல்

தேடிய சொல்லை நடுவில் நிறுத்தி வரிகளைக் காட்டும் ‘கேவிக்’ பகுதியில் ‘டிஸ்சார்ஜ்’ வேரின் பின்னால் நட்சத்திரக்குறி போட்டுத் தேடுங்கள். எல்லா வடிவங்களும் வரும். வரிகள் வந்தவுடன் படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் வரிசைப்படுத்துங்கள். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இடப்பக்க முதல் சொல்லின்படி வரிசைப்படுத்தினால் ஒரு கூட்டம் திரளும்: ‘ப்யூருலன்ட்’, ‘சீரஸ்’, ‘ஃபவுல்-ஸ்மெல்லிங்’, ‘நேசல்’, ‘வஜைனல்’. இவற்றுக்குப் பின் வருவது உடலிலிருந்து வடியும் நீர், சீழ், ஒழுக்கு. இப்போது வலப்பக்கச் சொல்லின்படி மாற்றுங்கள். ‘சம்மரி’, ‘பிளானிங்’, ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ ஒரு பக்கம் திரளும். ‘ஹோம்’, ‘ஃப்ரம் த ஹாஸ்பிடல்’, ‘ஆன் டே ஃபைவ்’ இன்னொரு பக்கம். இவை வீட்டுக்கு அனுப்புதல். ‘ஃப்ரம்’ இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக வரும், ஆனால் அதற்கு அடுத்த சொல் பிரித்துக் காட்டிவிடும்: ‘ஃப்ரம் த வூண்ட்’ என்றால் ஒழுக்கு, ‘ஃப்ரம் த வார்ட்’ என்றால் ஆள் வெளியேறுவது. ‘வாஸ் டிஸ்சார்ஜ்டு’ என்ற வடிவத்தின் இடப்பக்கத்தில் ‘பேஷண்ட்’, ‘ஷி’, ‘ஹி’ என ஆட்களே நிற்பார்கள். சொல்லின் வடிவமும் பக்கத்து இருக்கையும் பொருளைச் சொல்லிவிடுகின்றன. மாணவர் இதைத் தன் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டால், அடுத்த புதிய சொல்லிலும் இருபக்கமும் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

‘கொலோகேட்’ பகுதி இதையே எண்ணாகத் தருகிறது. இடம் 5, வலம் 5 சொற்கள் என்று வையுங்கள். சேர்ந்து வரும் எண்ணிக்கை குறைந்தது 5. இரு சொற்கள் எவ்வளவு இறுக்கமாகச் சேர்கின்றன என்று காட்டும் மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் மதிப்பு 3-க்கு மேல். இந்த மதிப்பு அபூர்வச் சொற்களைத் தூக்கிப் பிடிக்கும் இயல்புடையது, அதனால்தான் குறைந்தபட்ச எண்ணிக்கை அவசியம். ‘இன்ஜெக்‌ஷன்’ தேடினால் ‘கிவ்’, ‘அட்மினிஸ்டர்’, ‘ரிசீவ்’ வரும். ‘புட்’ வராது. வராததைக் காட்டுவதும் பாடம்தான். சிவப்பு மையால் அடித்துத் திருத்துவதைவிட அது ஆழமாகப் பதிகிறது.

‘என்-கிராம்’ பகுதியில் நான்கு சொல் தொடர்களை எடுங்கள். ‘வாஸ் அட்மிட்டட் டு த’, ‘ப்ரெசென்டட் வித் எ ஹிஸ்டரி’ போன்றவை அப்படியே எடுத்தாளத் தக்க அச்சுகள்.

எழுத்துக்கூட்டு வேறுபாட்டையும் இங்கேயே கவனியுங்கள். திறந்த உரிம நூல்கள் பெரும்பாலும் அமெரிக்க நூல்கள். நம் கல்லூரிகளில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு. ‘அனீமியா’, ‘இடீமா’, ‘ஹெமரேஜ்’ மூன்றிலும் பிரிட்டிஷ் வடிவத்தில் ஓர் எழுத்து கூடுதல். அமெரிக்க வடிவத்தின் முன்னால் நட்சத்திரக்குறி போட்டு ‘இடீமா’வைத் தேடினால் இரண்டும் கிடைக்கும், ‘லிம்ஃபிடீமா’வும் கூடவே வரும். பாராசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென்; அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். தேவைப்பட்டால் மட்டும் தரும் மருந்துக்கு நம் ஊர்ச் சீட்டில் ‘எஸ்ஓஎஸ்’ என்று எழுதுவார்கள், அந்த நூல்களில் ‘பிஆர்என்’ இருக்கும்; ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு இங்கே ‘டிடிஎஸ்’, அங்கே ‘டிஐடி’. வெளிநாடு போகும் எண்ணமுள்ள மாணவருக்கு இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கொடுங்கள். மருந்தில் நடக்கும் குழப்பம் இலக்கணப் பிழை போலச் சிறியதல்ல.

ஏழாம் படி: வகுப்புக்குத் தாள் தயாரித்தல்

எண்பது வரிகளை அப்படியே கொடுத்தால் மாணவர் மிரண்டுவிடுவார். ஒரு சொல்லுக்கு 12 வரிகள், ஒரு தாளில் இரண்டு சொற்கள். வரிகளைத் தேர்ந்தெடுக்கலாம், திருத்தக் கூடாது. ஒரு வரியில் தேடும் சொல்லைத் தவிரப் புதிய சொல் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள். உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள உரையில் சுமார் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் இருவரும் 2000-ல் காட்டினார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றே ஒன்று புதிது என்பது அதன் கணக்கு. கார்ப்பஸ் வரி இயல்பாகவே அதைவிடக் கடினமானது, ஆகவே தேர்வில் இரக்கம் வேண்டும்.

தாள் இப்படி இருக்கும். வடிவத்தைக் காட்ட எழுதிய மாதிரி வரிகள் இவை:

த பேஷண்ட் — கம்ப்ளெய்ன்டு — ஆஃப் சிவியர் ஹெடேக்
ஷி — கம்ப்ளெய்ன்ஸ் — ஆஃப் பெயின் இன் த லெஃப்ட் லெக்
த ரிலேட்டிவ்ஸ் — கம்ப்ளெய்ன்டு — அபவுட் த டிலே
எ மேன் ஹு — கம்ப்ளெய்ன்டு — ஆஃப் பிரெத்லெஸ்னெஸ்

50 நிமிட வகுப்பை இப்படி நடத்தலாம். முதல் 5 நிமிடம் வரிகளை அமைதியாகப் பார்க்கட்டும். அடுத்த 15 நிமிடம் இருவர் இருவராக மூன்று கேள்விகள்: வலப்பக்கம் முதலில் வரும் சிறு சொல் எது? அதன்பின் வருவது நோவா, குறையா? இடப்பக்கம் இருப்பவர் யார்? விடையைத் தமிழில் பேசட்டும், தமிழில் எழுதட்டும். கவனிப்புக்குத்தான் இங்கே மதிப்பெண், ஆங்கிலத்துக்கு இல்லை. ‘ஆஃப் வந்தா நோவு, அபவுட் வந்தா குறை’ என்று ஒரு மாணவி தன் வாயால் சொன்ன விதியை நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள், அவர் சொற்களிலேயே.

பிறகு 10 நிமிடம் சொல்லை மறைத்த வேறு ஆறு வரிகள், நிரப்ப வேண்டும். கடைசி 20 நிமிடம் வார்டு வேலை: நீங்கள் நோயாளியாகத் தமிழில் சொல்லுங்கள், அவர்கள் ஆங்கிலத்தில் நோட்ஸ் எழுதட்டும். ‘ரெண்டு நாளா தலை சுத்துதும்மா’, ‘மாடி ஏறினா மூச்சு வாங்குது’, ‘நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது’, ‘சாப்பிட்டா வயிறு உப்புசமா இருக்கு’. சென்னையின் எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் நடப்பது இதுதான்: காதில் விழுவது தமிழ், கை எழுதுவது ஆங்கிலம். இந்தத் தாண்டலைப் பயிற்றாத சொற்பாடம் பாதியில் நின்ற பாடம்.

விதிக்கு மாறான ஒரு வரியை யாராவது காட்டினால் மகிழ்ச்சியடையுங்கள். மழுப்பாமல், தொகுப்பில் எத்தனை வரி அப்படி இருக்கிறது என்று அடுத்த வகுப்பில் எண்ணிச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: மாணவர் எழுத்தையே தொகுத்தல்

இரண்டாம் மாதத்தில் மாணவர்களின் ஒப்புதலோடு, பெயர் நீக்கி, அவர்கள் எழுதிய கேர் பிளான்களைத் தட்டச்சு செய்து தனிக் கார்ப்பஸாக்குங்கள். 40 பேர், தலா 300 சொற்கள் என்றால் 12,000. சிறியது, ஆனால் பிழைகளின் வடிவம் தெளிவாகத் தெரியும். ‘டிஸ்கஸ்டு அபவுட்’, ‘பேஷண்ட் இஸ் ஹேவிங் ஃபீவர்’, ‘கிவன் இன்ஜெக்‌ஷன் டு தி பேஷண்ட்’ எத்தனை பேர் எழுத்தில் வருகிறது என்று எண்ணலாம். ஒருவர் மட்டும் செய்யும் பிழையை அவரிடம் தனியே சொல்லுங்கள். பத்துப் பேர் செய்வதை வகுப்பில் எடுங்கள். அந்தத் தாளில் இடப்பக்கம் மாணவர் வரிகள், வலப்பக்கம் பெரிய தொகுப்பின் வரிகள். வேறுபாட்டை அவர்களே சொல்வார்கள்.

கருவி கைகொடுக்காத இடங்கள்

நாம் சேர்த்தவை எழுத்து உரைகள். படுக்கையருகே பேசும் ஆங்கிலம் அவற்றில் இல்லை. ‘ஆர் யூ கம்ஃபர்டபிள்?’ என்று கேட்கவும், கெட்ட செய்தியை மென்மையாகச் சொல்லவும் இந்தத் தொகுப்பு கற்றுத்தராது; அதற்கு ரோல் பிளே வேண்டும். உச்சரிப்பும் இதில் கிடைக்காது.

தமிழில் நோயாளி சொல்லும் ‘படபடப்பு’ எப்போதுமே ‘பால்பிடேஷன்’ ஆகிவிடாது. பதற்றத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். எந்தத் தொடரடைவும் இதைத் தீர்க்காது. திருப்பி ஒரு கேள்வி கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே எழுத வேண்டும் என்று பழக்குங்கள்.

வகுப்பில் உடனடியாக ஒரு சொல்லைச் சோதிக்க வேண்டுமானால் ஸ்கெல் என்ற இலவசத் தளம் செல்பேசியிலேயே திறக்கும். பொது ஆங்கில எடுத்துக்காட்டுகளைத்தான் தரும், ஆகவே ‘ஸ்டூல்’ அங்கே முக்காலியாகவும் வரும். அந்த வரிகளை உங்கள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு நல்ல பயிற்சி.

ஆண்டுக்கு ஒரு முறை, பருவம் தொடங்கும் முன், நெறிமுறைக் கோப்புகளைச் சரிபாருங்கள். புதிய பதிப்பு வந்திருந்தால் பழையதை நீக்கிப் புதியதைப் போட்டு, கார்ப்பஸை மறுபடி ‘கிரியேட்’ செய்யுங்கள். கோப்புறையில் மட்டும் மாற்றினால் ஆன்ட்கான்க் பழைய தொகுப்பிலிருந்தே வரிகளைத் தந்துகொண்டிருக்கும்.